லைபிரரிக்கு முன்னால் படமெடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள்

ஊருக்குப் போய் வந்தவர்களின் ஃபோனை வாங்கிப் பாருங்கள், நல்லூர்க் கோபுரத்துக்கும் கசூரினாக் கடற்கரைக்கும் நடுவில் ஒரு படம் கட்டாயம் இருக்கும். யாழ்ப்பாணம் பொது நூலகம், அந்த வெள்ளைக் கட்டடம், முன்னால் சரஸ்வதி சிலை, சிலைக்கு முன்னால் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முழுக் குடும்பமும். ஓட்டோக்காரத் தம்பி எஞ்சினைக்கூட நிறுத்தாமல் காத்திருப்பார். ஐந்து நிமிடம், அடுத்தது கோட்டை. நானும் முதல்முறை இதைத்தான் செய்தேன். அடுத்த பயணத்தில் அரைநாள் ஒதுக்கிப் போய் உள்ளே இருந்து பார்த்த பிறகுதான், முதல்முறை நான் அங்கே போகவே இல்லை என்பது விளங்கியது.

போகும் வழி பெரிய விஷயமில்லை. பஸ் நிலையத்திலிருந்து காலை வெயில் ஏறுமுன் நடந்தே போகலாம். துரையப்பா விளையாட்டரங்கு, முனியப்பர் கோயில், கோட்டை, வீரசிங்கம் மண்டபம் எல்லாம் அந்தச் சுற்றுவட்டத்தில்தான். ஓட்டோவில் போனால் ஏறுமுன் விலையைப் பேசிவிடுங்கள், இறங்கின பிறகு பேசினால் உங்கள் சப்பாத்தைப் பார்த்துத்தான் விலை வரும்.

நேரம்தான் முக்கியம். வாசிக்க வருபவருக்கும் சுற்றிப் பார்க்க வருபவருக்கும் ஒரே நேரம் என்று நினைக்காதீர்கள். உள்ளே படிக்கிற பிள்ளைகளுக்கு இடைஞ்சல் வராத நேரத்தில்தான் பார்வையாளர்களை விடுவார்கள், ஆகவே முதல்நாளே வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். போயா நாள் எது என்று கலண்டரைப் பார்க்கவும் மறக்க வேண்டாம், லண்டனிலும் டொரொண்டோவிலும் இருந்து வருகிற நாங்கள் பௌர்ணமிக்கு அரச விடுமுறை என்பதை முதல் மாதத்திலேயே மறந்துபோகிறவர்கள். ஆவணி, நல்லூர்த் திருவிழாக் காலம், எங்கும் சனம். ஆறுதலாகப் பார்க்க விரும்பினால் தை, மாசி நல்லது, வெயிலும் கொஞ்சம் இரக்கம் காட்டும்.

உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். லேஸ் கட்டுகிற சப்பாத்தை ஹோட்டலில் விட்டுவிட்டு வாருங்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள், அனுமதி கிடைத்தாலும் படிக்கிறவர்களின் முகத்தை எடுக்காதீர்கள். ஏ.எல். எனப்படும் உயர்தரச் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகள் மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்து, பழைய வினாத்தாளான பாஸ்ட் பேப்பரை மடித்து வைத்து, காற்றில் பறக்காமல் தண்ணீர்ப் போத்தலைப் பாரமாக வைத்திருப்பார்கள். உங்கள் மாமா உரத்த குரலில் “இதுதான் எரிஞ்ச இடமோ” என்று கேட்டால் பத்துத் தலை நிமிரும். அந்தப் பிள்ளைகளுக்கு அது நினைவுச்சின்னம் அல்ல, நாளைக்கும் வந்து படிக்க வேண்டிய இடம்.

எரிந்த கதை தெரியாமல் போகவும் கூடாதுதான். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் தொடங்கிய முயற்சி இது. அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 புத்தகங்களோடு பொது நூலகமாகத் திறந்தார்கள். லோங் அடிகளார் போன்றவர்கள் முன்னின்று உழைக்க, நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படுகிற எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொல்ல, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த கட்டடம் 1959 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கிய அட்டூழியத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகத்தையும் எரித்தார்கள். தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞரான பாதிரியார் தாவீது அடிகள் உயிர்விட்டதை இன்றைக்கும் பெரியவர்கள் குரல் தழுதழுக்கச் சொல்வார்கள். கருகிய சுவர்களை அப்படியே நினைவாக விட வேண்டும் என்று ஒரு பக்கம், திரும்பப் பழைய வடிவிலேயே கட்ட வேண்டும் என்று மறுபக்கம் வாதாடிக் கடைசியில் கட்டியதுதான் நீங்கள் இப்போது பார்ப்பது. எனக்கு முதலில் அந்த முதல் கட்சிதான் சரி என்று பட்டது, பாஸ்ட் பேப்பரையும் தண்ணீர்ப் போத்தலையும் பார்த்த பிறகு கட்சி மாறிவிட்டேன்.

சரி, உள்ளே போய் என்ன செய்வது? ஒரு கேள்வியோடு போங்கள், அவ்வளவுதான். “சும்மா பாக்க வந்தனாங்கள்” என்றால் சும்மா பார்த்துவிட்டு வருவீர்கள். உசாத்துணை (ரெஃபரன்ஸ்) பகுதியில் இருக்கிறவரிடம், “எங்கட ஊர் புங்குடுதீவு, ஊரைப் பற்றி ஏதாவது புத்தகம், கோயில் மலர், பள்ளிக்கூட மலர் இருக்குதோ” என்று கேட்டுப் பாருங்கள், கதை மாறிவிடும். அப்பா படித்த பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு மலர், ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலர், இவைதான் எங்கள் ஊர்களின் உண்மையான சரித்திரப் புத்தகங்கள். எந்தப் பேராசிரியரும் எழுதாத ஒழுங்கையும் கேணியும் அவற்றில் இருக்கும். ஊரின் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், உத்தேசமான வருடம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், வாய்ச்சொல்லில் வருடம் எப்போதும் பத்து முன்னே பின்னே போகும்.

ஆனால் பிளேன் ஏறுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நூலகம் என்ற பெயரில் 2005 முதல் இயங்கும் எண்ணிம நூலகம் ஒன்று உண்டு, பெயரைப் பார்த்து இந்தக் கட்டடத்தோடு குழம்பாதீர்கள், அது வேறு அமைப்பு. ஈழத்து நூல், சஞ்சிகை, பத்திரிகை, மலர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். நீங்கள் தேடுகிற மலர் அங்கே ஏற்கெனவே இருந்தால் அதைத் தேடி யாழ்ப்பாணத்தில் ஒரு நாளை வீணாக்க வேண்டியதில்லை. இல்லையென்றால், அது ஒருவேளை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அம்மாவின் சூட்கேஸின் அடியில் பாருங்கள். இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு அடித்துக் கொடுக்கிற, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் இரண்டு மூன்று கட்டாயம் இருக்கும், தேவாரமும் படமும் ஒப்பாரியும் போக, வம்சாவளி என்று ஒரு பக்கம் இருக்கும் பாருங்கள், யார் யாரைக் கட்டினார், யாருக்கு எத்தனை பிள்ளை, எந்த ஊரில் இருந்து வந்தார்கள் என்று. அந்தப் புத்தகம் ஊரில் கறையான் தின்று போயிருக்கும், மொன்றியலில் பத்திரமாக இருக்கும். அதை ஸ்கேன் செய்து கொடுப்பதைவிடப் பெரிய அன்பளிப்பு எனக்குத் தெரியவில்லை.

அன்பளிப்பு என்றதும் என் முட்டாள்தனம் நினைவுக்கு வருகிறது. ஒரு முறை இருபது கிலோ, பிள்ளைகள் வளர்ந்து கைவிட்ட ஆங்கிலக் கலைக்களஞ்சியம், மேலதிகப் பாரத்துக்குக் காசும் கட்டிக் கொண்டுபோய் ஒரு வாசிகசாலையில் கொடுத்தேன். அங்கே இருந்த அக்கா சிரித்த முகத்தோடு வாங்கினார். அடுத்த தடவை போனபோது அதே பெட்டி, அதே டேப், அதே மூலை. பிழை அவர்களுடையது அல்ல. யாரும் கேட்காததைக் கொண்டுபோனவன் நான். இப்போதெல்லாம் முதலில் “என்ன வேணும்” என்று கேட்கிறேன். வரும் பதில் பெரும்பாலும் புதுத் தமிழ்ச் சிறுவர் நூல், சோதனை வழிகாட்டி, சில இடங்களில் ஒரு மின்விசிறி. நூல்களை யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடையிலேயே வாங்கிக் கொடுக்கலாம், கடைக்கும் வியாபாரம். பெரிய நூலகத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை, உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் காலையில் பத்திரிகை பார்க்க வருகிற ஐயாமாருக்குப் பத்திரிகைச் சந்தா ஒரு வருடம் கட்டினாலே போதும்.

பிள்ளைகளோடு போகிறவர்கள், சிறுவர் பகுதியில் இருந்து தொடங்குங்கள். எரிந்த கதையை வாசலிலேயே சொன்னால் உள்ளே முழுக்கக் கரியைத்தான் தேடுவார்கள். என் மகள் எழுத்துக்கூட்டி ஒரு படக்கதையை வாசித்து முடித்துவிட்டு, வெளியே வந்து மரநிழலில் நின்றபோதுதான் சொன்னேன். “அப்ப அந்தப் புத்தகமும் எரிஞ்சுதா?” என்று கேட்டாள். அது புதிது என்றேன். பழையதில் எது இருந்தது என்று கேட்டாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பக்கத்தில் உயரமாக நிற்பதுதான் இந்தியாவின் உதவியில் கட்டிய கலாசார மையம், 11 மாடிக் கோபுரமும் 600 பேர் இருக்கக்கூடிய மண்டபமும் அருங்காட்சியகமும் கொண்டது. 2023இல் திறந்தார்கள். 2025 தையில் திருவள்ளுவர் பெயரை வைத்தபோது யாழ்ப்பாணம் என்ற பெயர் எங்கே என்று ஊரில் ஒரு சண்டை கிளம்பி, பிறகு யாழ்ப்பாணமும் சேர்ந்துகொண்டது. கட்டடத்தைப் பார்க்கவென்று போக வேண்டாம், நிகழ்ச்சி இருக்கிற நாளில் போங்கள். எங்கே என்ன நடக்கிறது என்று அறிய அன்றைய பத்திரிகையைப் புரட்டினால் போதும்.

நகரில் எங்காவது ஒரு நூல் வெளியீட்டு விழா அகப்பட்டால் விடாதீர்கள். நான்கு மணி என்றால் நாலரைக்கு மங்கள விளக்கு, பிறகு வரவேற்புரை, வெளியீட்டுரை, நயப்புரை, கடைசியில் நூலாசிரியரின் ஏற்புரை. நடுவில் சிறப்புப் பிரதி வழங்கல் என்று ஒன்று வரும், அங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து வந்தவர் என்று வாசலிலேயே கண்டுபிடித்திருப்பார்கள், உங்கள் பெயரைக் கூப்பிட்டு மேடைக்கு அழைத்துப் புத்தகத்தைத் தருவார்கள், பதிலுக்குக் கையில் ஒரு என்வலப் இருக்க வேண்டும். அட்டையில் போட்டிருக்கிற விலையைவிடக் கொஞ்சம் கூட வையுங்கள், எழுதியவர் பெரும்பாலும் சொந்தக் காசில் அடித்த புத்தகம் அது. அறிவிப்பாளர் உங்கள் பெயரை ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுவார். நாட்டின் பெயரோடு நிறுத்தாமல் ஊரின் பெயரையும் எழுதுங்கள், பின்வரிசையில் இருந்து யாராவது எழும்பி வந்து “நீர் ஆற்ற மகன்?”, அதாவது யாருடைய மகன் என்று கேட்பார்.