டேக் ஓகே ஆன பிறகு அரை நிமிஷம்

ஷூட்டிங்கில் போஸ்டருக்கும் பேனருக்கும் படம் எடுக்கும் ஸ்டில் போட்டோகிராபரிடம் அசிஸ்டென்டாகச் சேரும் தம்பிகள் முதல் நாளே கேட்பது, “அண்ணே, எந்த லென்ஸ் போடணும்?” என்றுதான். லென்ஸ் அப்புறம். ஷூட்டிங் ஸ்பாட்டில் எங்கே நிற்பது என்பதை முதலில் பழகு.

சினிமா கேமராவின் லென்ஸுக்கு எவ்வளவு ஒட்டி நிற்க முடியுமோ அவ்வளவு ஒட்டி, அதே உயரத்தில் நில். லைட்டிங் எல்லாம் அந்தக் கோணத்துக்காகச் செய்தது. நாலடி தள்ளிப் போனால் முகத்தில் பாதி இருட்டாகிவிடும், பின்னால் தெர்மாகோல் பிடித்திருக்கும் லைட்மேனின் கையும் உள்ளே வந்துவிடும். கேமரா பக்கத்தில் நின்று ஃபோகஸை மாற்றும் ஃபோகஸ் புல்லருக்கு இடம் விடு. டிராலி ஓடும் வழியில் கால் வைக்காதே. நடிகரின் பார்வை போகும் திசையில் மட்டும் நிற்கவே கூடாது. எதிரே இருப்பவரைப் பார்த்துத்தான் அவர் அழுகிறார், அங்கே நீ தெரிந்தால் அழுகை நின்றுவிடும். கறுப்புச் சட்டை போட்டுக்கொள். கண்ணாடி, கார் ஜன்னல் எதிலும் தெரிய மாட்டாய்.

டேக்குக்கு முன் ‘மானிட்டர்’ பார்ப்பார்கள், அதாவது கடைசி ஒத்திகை. பாதிப் படங்களை அதிலேயே எடுத்துவிடலாம். டப்பிங் பேசும் படமென்றால் ஷட்டர் சத்தம் யாருக்கும் பொருட்டில்லை. நடிக்கும்போதே குரலைப் பதிவு செய்யும் லைவ் சவுண்டு அப்படியில்லை. சத்தமில்லாமல் எடுக்கக்கூடிய மிர்ரர்லெஸ் கேமராவை நான் வாங்காத காலத்தில், அம்மா இறந்த சேதியை மகள் கேட்கும் காட்சியில் ஒரே ஒரு கிளிக் செய்தேன். டேக் போச்சு. அந்தப் பெண்ணுக்குத் திரும்ப அந்த அழுகை வர முக்கால் மணி நேரம் ஆனது. இன்றைக்கும் எனக்கு அது உறுத்தல்தான். இப்போது சைலன்ட் ஷட்டர் வந்துவிட்டது. ஆனால் அதில் சில விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி வைத்துப் பார், பெரும்பாலும் சரியாகிவிடும்.

“வீடியோவிலிருந்தே ஒரு ஃப்ரேம் எடுத்துக்கலாமே, ஸ்டில் எதுக்கு?” என்று புரொடக்‌ஷனில் யாராவது கேட்பார்கள். கோபப்படாமல் கணக்கைச் சொல். சினிமா கேமரா நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் திறந்திருப்பது வழக்கமாக 1/48 நொடி. ஓடும் கால், வீசும் கை எல்லாம் அதில் கலங்கித்தான் இருக்கும். 4கே ஃப்ரேம் ஒன்றில் சுமார் 88 லட்சம் பிக்சல். நம் கையில் இருக்கும் கேமராவில் நாலரைக் கோடி. பேனர் அடிக்கும்போது வித்தியாசம் தெரியும்.

நம் வேலையின் உயிர், டேக் ஓகே ஆன பிறகு வரும் அரை நிமிஷத்தில் இருக்கிறது. “ஓகே” என்ற உடனே லைட் அணையும், காஸ்ட்யூமர் ஓடி வருவார், நடிகர் நாற்காலியைத் தேடுவார். அதனால் ஷாட்டுக்கு முன்பே அசோசியேட் டைரக்டரிடம், “சார், இது முடிஞ்சதும் ஸ்டில்லுக்கு அரை நிமிஷம் வேணும்” என்று சொல்லி வை. லைட்மேன் அண்ணன்களிடமும் நீயே நேரில் போய்ச் சொல். நடிகரிடம் “ஒரு போஸ் குடுங்க” என்று மட்டும் கேட்காதே. முகம் கல்லாகிவிடும். கடைசி வசனத்தை மறுபடி ஒருமுறை சொல்லச் சொல். வாய் மூடிய மறு நொடி கண்ணில் தங்கியிருக்குமே, அதை எடு. படுக்கையாக ஒன்று, நிமிர்த்தி ஒன்று. தலைக்கு மேல் டைட்டிலுக்கு இடம் விட மறக்காதே.

பலருக்குத் தெரியாத இன்னொரு வேலை, சினிமாவில் வரும் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும் அப்பா படம். அதுவும் நாம் எடுப்பதுதான். 25 வருஷம் முந்திய ஸ்டுடியோ படம் மாதிரி வேண்டும். தலையை வகிடெடுத்து எண்ணெய் வைத்து வாரச் சொல், சட்டையின் மேல் பட்டனைப் போடச் சொல், நேர் எதிர் லைட் ஒன்று போதும். ஒருமுறை வயதான நடிகர் ஒருவர் எடுத்து முடித்ததும் என் கையைப் பிடித்து, “தம்பி, மாலை போடுற படம் எடுத்துட்ட. சிரிக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துடு, மனசுக்கு ஆகல” என்றார். அன்றிலிருந்து யாரும் கேட்காமலே சிரித்த படம் ஒன்று எடுத்து, பிரின்ட் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். நீயும் செய்.

ராத்திரி எவ்வளவு அசதியானாலும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, சீன் நம்பர், தேதி எழுதிவிட்டுத் தூங்கு. செல்போனில் ஒரு படம்கூட யாருக்கும் அனுப்பாதே. கெட்டப் வெளியே போனால் அத்தனை பேர் உழைப்பும் வீண்.

ஷூட்டிங் முடிந்து பூசணிக்காய் உடைக்கும் நாளில் யூனிட் குரூப் போட்டோ எடுப்போம். ஏணி மேல் ஏறி நின்று எடு, யாராவது கண் மூடியிருப்பார்கள், ஆறேழு கிளிக் செய். கிளிக்குக்கு முன் சமையல் பாத்திரங்கள் பக்கம் ஒரு தடவை பார். டீ கொடுக்கும் அண்ணன் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார். கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வை.