இட்லிச் சட்டியில் பிரெஞ்சு சாக்லேட் கஸ்டர்ட்

மாடு கன்று போட்ட வீட்டில் சீம்பால் அவித்துச் சாப்பிட்டவர்களுக்கு இந்தப் பலகாரம் பாதி தெரிந்த மாதிரிதான். நாட்டுச்சக்கரையும் ஏலக்காயும் போட்டு இட்லிச் சட்டியில் வைத்தால் சீம்பால் தானாக உறையும், தீ கூடிவிட்டால் திரிதிரியாகித் தண்ணீர் விட்டுவிடும். பிரெஞ்சுக்காரர்களின் 'போ த க்ரெம்' அதே சங்கதிதான். சீம்பாலில் உறைய வைப்பது பாலில் உள்ள புரதம், இதில் முட்டையின் மஞ்சள் கரு. கிண்ணத்துக்கும் அதே பெயர், உள்ளே இருப்பதற்கும் அதே பெயர்.

ஆறு சின்னக் கிண்ணத்துக்கு: ஃப்ரெஷ் கிரீம் 250 மில்லி, பால் 150 மில்லி, மஞ்சள் கரு 5, சர்க்கரை 40 கிராம், டார்க் சாக்லேட் 120 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, கெட்டி டிகாஷன் ஒரு ஸ்பூன். வீட்டில் யாராவது "கவுச்சி அடிக்குது" என்று மூக்கைப் பிடிப்பார்களே, அதை அமுக்கத்தான் டிகாஷன். முட்டை நாமக்கல் பக்கத்திலிருந்து புதிதாகவே வருகிறது, அதைப் பற்றிக் கவலையில்லை.

சாக்லேட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கட்டி கட்டியாக மலிவாகக் கிடைக்கும் காம்பவுண்ட் சாக்லேட்டில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்புதான் இருக்கும், சாப்பிட்டால் மேல் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். உறையைத் திருப்பி கோக்கோ வெண்ணெய் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து, 55 முதல் 60 சதவீத கோக்கோ உள்ளதாக வாங்குங்கள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோக்கோ நிற்கிறது, அந்தக் காயை உடைத்து வெள்ளைச் சதையைச் சப்பியவர்கள் கூட கடையில் காம்பவுண்டை வாங்கி வருவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

சரி, வேலைக்கு வருவோம். பாலையும் கிரீமையும் சேர்த்து ஆவி பறக்கும் வரை சூடாக்கி, பொங்குவதற்கு முன்பே இறக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்டையும் உப்பையும் டிகாஷனையும் போட்டு இரண்டு நிமிடம் விட்டுக் கலக்குங்கள். மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரை கிளம்பாமல் அடித்து, அதில் சூடான சாக்லேட் பாலை நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் பொடிமாஸ்தான் கிடைக்கும். பிறகு வடிகட்டி, கிண்ணங்களில் ஊற்றி, மேலே மிதக்கும் குமிழியை ஸ்பூனால் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளால் இறுக்கி மூடுங்கள். சட்டி மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர் உள்ளே விழக் கூடாது, அதற்காகத்தான்.

இனிதான் விஷயமே. முதல் தடவை நான் இட்லிக்கு வைக்கிற மாதிரியே தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விட்டேன், திறந்து பார்த்தால் உள்ளே பணியாரம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. மஞ்சள் கருக் கலவை 80 டிகிரிக்குப் பக்கத்தில் உறைந்துவிடும், அதைத் தாண்டிப் போனால் திரியும். அதனால் தண்ணீர் சூடானதும் தீயைச் சிம்முக்கும் கீழே இறக்கி, கிண்ணங்களைத் தட்டில் வையுங்கள். மூடியின் ஓரத்தில் ஒரு கரண்டிக் காம்பைச் செருகி ஆவிக்கு வழி விடுங்கள். இருபது நிமிடத்தில் ஒரு கிண்ணத்தைத் திறந்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஓரம் நின்று, நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தளும்பினால் போதும், இறக்கிவிடலாம். ஆறும்போது அதுவும் உறைந்துவிடும். ஓடிஜி (சின்ன மின்சார அவன்) இருந்தால் 150 டிகிரியில், பாதிக் கிண்ணம் உயரத்துக்கு வெந்நீர் ஊற்றிய தட்டில் வைத்து, முப்பது முப்பத்தைந்து நிமிடம்.

ஆறியபின் ஃப்ரிட்ஜில் குறைந்தது நான்கு மணி நேரம். லேசாகத் திரிந்திருந்தால் கொட்டிவிடாதீர்கள், ஒரு ஸ்பூன் சூடான பால் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று, வடிகட்டினால் வாழைப்பழத்துக்கு மேல் ஊற்றிச் சாப்பிட அருமையான சாஸ். முட்டையே ஆகாது என்பவர்களுக்குச் சோளமாவில் கிண்டலாம், நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறு பலகாரம். மிச்சமாகும் ஐந்து வெள்ளைக் கருவையும் சின்ன வெங்காயம், மிளகு போட்டு அன்று ராத்திரியே வறுத்துவிடுங்கள்.