கையெழுத்துப் போடுவதற்கு முன்: கனடாவின் ஒன்ராறியோவில் பிள்ளைக்கு நடத்தைச் சிகிச்சை தொடங்கும் பெற்றோருக்கு

பிள்ளைக்கு ஓட்டிசம் என்று எழுத்தில் வந்த நாளில் இருந்து படிவங்கள் வரத் தொடங்கும். எங்களுக்கும் அப்படித்தான். மகனுக்கு அப்போது நான்கு வயது. நடத்தைச் சிகிச்சை (சின்னச் சின்ன இலக்குகள் வைத்து, பரிசு கொடுத்துப் பிள்ளையைப் பழக்கும் ABA முறை) தரும் நிலையம் ஒன்றில் முதல் சந்திப்பு அன்று பத்துப் பன்னிரண்டு பக்கங்களை மேசையில் வைத்தார்கள். நானும் கணவரும் காட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டோம். கேள்வி ஏதும் இருக்கிறதா என்று கேட்டபோது சிரித்துக்கொண்டு இல்லை என்றோம். படித்தவர்களிடம் குறுக்குக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்றுதானே வளர்ந்தோம். அதோடு, காத்திருந்து கிடைத்த இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

மூன்று கிழமை கழித்துத்தான் இலக்குப் பட்டியலை ஆறுதலாக வாசித்தேன். முதலாவது, பேசுபவரின் கண்ணை ஐந்து விநாடி பார்ப்பது. இரண்டாவது, முள்ளுக்கரண்டியால் சாப்பிடுவது. புட்டும் கறியும் தன் கையாலேயே குழைத்துச் சிந்தாமல் சாப்பிடுகிற பிள்ளை அவன். அது அவர்களுடைய பதிவில் குறையாகப் போயிருந்தது. அதற்குச் சம்மதம் கொடுத்தவள் நான்.

நீங்கள் அந்த மேசைக்கு முன்னால் போய் இருப்பதற்கு முன் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்ராறியோவில் சிகிச்சைக்கான சம்மதத்துக்கு 1996ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி கையெழுத்து இருப்பது மட்டும் சம்மதம் ஆகாது. என்ன சிகிச்சை, என்ன பயன் எதிர்பார்க்கிறார்கள், ஆபத்தும் பக்கவிளைவும் என்ன, வேறு வழிகள் என்ன, செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலும் தர வேண்டும். உங்களை வற்புறுத்தக்கூடாது. கொடுத்த சம்மதத்தை எந்த நாளும் திரும்பப் பெறலாம்.

பயம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்களிடம் இதைத்தான் அதிகம் கேட்கிறேன். இலக்கு ஒன்றை மாற்றச் சொன்னால் சிறுவர் பாதுகாப்பு அமைப்புக்கு அறிவித்துவிடுவார்களோ என்று யோசிக்கிறார்கள். திட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கக் கேட்பதும், ஓர் இலக்கு வேண்டாம் என்பதும் பிள்ளையைக் கவனிக்காமல் விடுவது ஆகாது. பிள்ளைக்கு ஓட்டிசம் என்று பதிவாவது உங்கள் குடியுரிமை விண்ணப்பத்தையும் தடுக்காது.

ஆபத்து என்று நான் எழுதியது சிலருக்கு விளங்காமல் இருக்கலாம். ஊசியும் மருந்தும் இல்லாத சிகிச்சையில் என்ன ஆபத்து? ஓர் உதாரணம். பிள்ளை கத்தினால் உடனே டேப்லெட்டைக் கொடுத்துப் பழக்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். இனிக் கத்தினாலும் கொடுக்காமல் விடுவது ஒரு முறை. அப்படி நிறுத்தும்போது கத்தல் குறைவதற்கு முன் கூடலாம், சில பிள்ளைகள் தலையைச் சுவரில் இடிக்கவும் செய்வார்கள். இது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அப்படி வந்தால் என்ன செய்வீர்கள், எப்போது நிறுத்துவீர்கள் என்று முதலே கேளுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிய அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு அது சின்னக் கேள்வி இல்லை. வீட்டில் அம்மம்மா அழுகையைத் தாங்க மாட்டாமல் பிஸ்கட் கொடுத்துவிடுவார் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அது தெரியாமல் போட்ட திட்டம் வேலை செய்யாது. பிள்ளையைக் கையால் பிடித்துத் தடுப்பது, வீடியோ எடுப்பது, பள்ளிக்கூடத்துக்குத் தகவல் கொடுப்பது பற்றியெல்லாம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றால் மற்றதுக்கும் ஆம் என்று எழுதிக்கொள்ள விடாதீர்கள்.

தண்டனை ஏதும் உண்டா என்றும் கேளுங்கள். 1960களில் கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ் இந்த முறையை ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் கொண்டுவந்தபோது அடியும் மின்னதிர்ச்சியும் பயன்படுத்தினார். சிறுவயதில் இந்தச் சிகிச்சைக்குப் போய் வளர்ந்தவர்கள் பலர் இன்று அதைக் கடுமையாக விமர்சிக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். என் மகனுக்கு இது உதவியது என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் இலக்குகளை மாற்றிய பிறகுதான்.

பண்பாட்டுப் பணிவு என்று ஒரு சொல் உண்டு. கலிபோர்னியாவில் மெலனி டெர்வலோன், ஜான் மரே-கார்சியா என்ற இரண்டு மருத்துவர்கள் 1998இல் எழுதியது. மற்றவருடைய பண்பாட்டைச் சிகிச்சை தருபவர் ஒரு வகுப்பில் படித்து முடித்துவிட முடியாது, வருபவரிடமே கேட்டுக்கேட்டு அறிய வேண்டும், தன் கையில் இருக்கும் அதிகாரத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தச் சிகிச்சையைத் திட்டமிடும் நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ் வாரியத்தின் 2022 ஒழுக்க நெறியிலும் பண்பாட்டைக் கவனிப்பது கடமையாக வந்திருக்கிறது.

நல்ல சிகிச்சையாளர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பரிசாகக் கொடுக்கும் 'gummy' என்ற மெல்லும் இனிப்பில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டுத் தோலிலும் பன்றித் தோலிலும் எடுப்பது. சைவமாக இருக்கும் வீடு என்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நாங்கள் 'ஓம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் அசைப்பதை 'இல்லை' என்று குறித்துக்கொண்டவர்களும் உண்டு. பெரியவர் கண்டிக்கும்போது பிள்ளை கீழே பார்ப்பது எங்களிடம் பணிவு. அதைவிட, ஓட்டிசம் உள்ள பலருக்குக் கண்ணைப் பார்ப்பதே வேதனை. ஆகவே அந்த இலக்கு யாருக்காக என்று கேளுங்கள். தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு பிந்துகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. அம்மம்மாவோடு கதைக்க முடியாத பிள்ளையாக அவனை வளர்க்க வேண்டிய தேவை இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் எங்கள் பழக்கம் என்று மறுக்கவும் கூடாது. கதவைத் திறந்துகொண்டு வீதிக்கு ஓடுவதை நிறுத்தும் இலக்கு என்றால், வெளியே பனி கொட்டும் நாட்டில், அன்றே கையெழுத்துப் போடுங்கள்.

பிள்ளையின் சம்மதமும் இருக்கிறது. ஒன்ராறியோச் சட்டம் சிகிச்சைச் சம்மதத்துக்கு வயது எல்லை வைக்கவில்லை, விளங்கிக்கொள்ளக்கூடிய பிள்ளை தானே முடிவெடுக்கலாம். பேச்சு வராத பிள்ளைக்கும் வேண்டாம் என்று சொல்லும் வழி உண்டு: முகத்தைத் திருப்புவது, மேசையை விட்டு எழும்புவது, பொருளைத் தள்ளுவது. அதை அடம் என்று மட்டும் எழுதாமல் பதிலாக எடுத்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள். என் மகனுக்கு 'போதும்' என்று எழுதிய ஓர் அட்டை செய்து கொடுத்தோம். அவன் அதை நீட்டினால் வேலை நிற்கும். முதல் கிழமை நாள் முழுக்க நீட்டினான். பிறகு தேவையான போது மட்டும் நீட்டினான்.

மிச்சம் நடைமுறைதான். ஓட்டிசம் என்று எழுத்தில் உறுதிசெய்த முடிவு கிடைத்தவுடன் அக்சஸ்ஓஏபியில் (AccessOAP) பதிவு செய்யுங்கள், சிகிச்சைக்கு மாகாண அரசு பணம் தரும் ஒன்ராறியோ ஓட்டிசம் திட்டத்துக்கு வாசல் அதுதான். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியது, பணம் வர வருடங்கள் ஆகலாம். அந்தப் பணம் பேச்சுச் சிகிச்சைக்கும், அன்றாட வேலைகளைப் பழக்கும் செயல்முறைச் சிகிச்சைக்கும்கூட உதவும், நடத்தைச் சிகிச்சை மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடத்தைப் பகுப்பாய்வாளர்கள் உளவியலாளர்களோடு சேர்ந்து ஒரே தொழில்முறைக் கல்லூரியின் (படிக்கும் இடம் அல்ல, அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) கீழ் வந்துவிட்டார்கள். கல்லூரியின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடலாம், முறைப்பாடும் கொடுக்கலாம். தினமும் பிள்ளையோடு இருப்பவர் பெரும்பாலும் பதிவு பெறாத உதவியாளர், ஆகவே அவருக்கு மேலே இருப்பவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரில் வருவார் என்று கேளுங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சந்திப்பு நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். மூத்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க விடாதீர்கள். தம்பியைப் பற்றி அம்மா அழுதுகொண்டு சொல்வதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வரும்.