சென்டினலையும் லேண்ட்சாட்டையும் கலக்கும்முன்

சென்டினல் (ஐரோப்பா), லேண்ட்சாட் (அமெரிக்கா) செயற்கைக்கோள்களின் படங்களைச் சேர்த்துப் புதியவர்கள் போடும் பயிர் வரைபடங்களைச் சரிபார்க்கும்போதெல்லாம் என் பழைய தவறுகள் ஒவ்வொன்றாக எதிரே வந்து நிற்கின்றன. மேகத்தை நீக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

அந்த ஆயிரம்

காவிரி டெல்டாவின் சம்பா வயல்களுக்கு என்டிவிஐ எனும் பசுமைக் குறியீட்டை வரைந்துகொண்டிருந்தேன். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். 2022 ஜனவரி கடைசியில் சென்டினல்-2 புள்ளிகள் மளமளவென்று இறங்கின. அறுவடைக் காலம்தானே, சந்தேகம் வரவில்லை. அடுத்த சம்பாவிலும் அவை பழைய உயரத்தைத் தொடவில்லை. லேண்ட்சாட் புள்ளிகள் மட்டும் மேலே நின்றன. அவற்றைப் பிழை என்று நீக்கினேன். ‘பயிர் வளர்ச்சி குன்றியுள்ளது’ என்று அறிக்கையும் கொடுத்தேன். வயலுக்குப் போனவர் தொலைபேசியில் கேட்டார்: “சார், இடுப்பளவு நெல் நிற்கிறது. எந்த ஊர்ப் படத்தைப் பார்த்தீர்கள்?”

2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் பிக்சல் எண்களில் 1000 கூட்டித் தருகிறார்கள். அதைக் கழித்த பிறகே 10,000ஆல் வகுக்க வேண்டும். அப்போதுதான் பிரதிபலிப்பு, அதாவது விழுந்த ஒளியில் எத்தனை பங்கு திரும்பியது என்பது, கிடைக்கும். செழித்த நெல்லில் சிவப்பு 0.05, அகச்சிவப்பு 0.40 என்றால் குறியீடு 0.78. கழிக்க மறந்தால் இரண்டிலும் 0.1 ஏறி, குறியீடு 0.54 ஆகிவிடும். பூச்சியும் இல்லை, வறட்சியும் இல்லை. பயிர் காகிதத்தில் வாடுகிறது.

தேதியை வைத்துக் கழிப்பவர்கள் இன்னும் எரிச்சலூட்டுகிறார்கள். பழைய படங்களையும் மறுபடி பதப்படுத்தி வெளியிட்டிருப்பதால் 2018 படத்திலும் அந்த ஆயிரம் இருக்கலாம். கோப்புப் பெயரில் ஆங்கில ‘N’ எழுத்தை அடுத்துள்ள நான்கு இலக்கங்கள் 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழியுங்கள். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கணக்கிட உதவும் கூகுள் எர்த் எஞ்சினின் ‘ஹார்மனைஸ்டு’ தொகுப்பில் ஏற்கெனவே கழித்தாயிற்று. அங்கேயும் கழித்தால் சிவப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும். சூத்திரத்தை நீங்களே எழுதியிருந்தால் குறியீடு 1ஐத் தாண்டும். அதற்கு அடர்பச்சை பூசி ‘மிகச் செழிப்பு’ என்று அனுப்பியவரும் உண்டு.

லேண்ட்சாட்டுக்கும் கணக்கு உண்டு

கலெக்‌ஷன் 2 (லேண்ட்சாட்டின் இப்போதைய வெளியீடு) தரைப் பிரதிபலிப்புப் படமென்றால் பிக்சல் எண்ணை 0.0000275ஆல் பெருக்கி, 0.2 கழியுங்கள்.

எட்டா, எட்டு-ஏயா?

லேண்ட்சாட் 8, 9இன் அகச்சிவப்புப் பட்டை (அது பதிவுசெய்யும் அலைநீள வீச்சு) குறுகலானது. அதற்கு இணை சென்டினல்-2இன் 8ஏ பட்டை. அதன் பிக்சல் 20 மீட்டர்தான் என்று முகம் சுளித்து, 10 மீட்டர் பட்டையான எட்டை எடுக்கிறார்கள். லேண்ட்சாட்டே 30 மீட்டராக இருக்கும்போது அந்தப் பத்து மீட்டர் யாருக்கு?

ரேடாரைப் பசுமையாகப் படிப்பது

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா மேகத்துக்கடியில் கிடக்கும்போது மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 கைகொடுக்கும். ஆனால் அது பார்ப்பது பச்சையை அல்ல. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் கறுப்பாகத் தெரியும். பயிர் எழ எழ வெளிறும். அந்த எண்ணைக் கொண்டுபோய் என்டிவிஐ தொடரின் இடைவெளியில் செருகாதீர்கள்.

ஏறுபாதை, இறங்குபாதை

சென்டினல்-1 வடக்கு நோக்கிப் போகும்போது எடுத்த படமும் (ஏறுபாதை) தெற்கு நோக்கிப் போகும்போது எடுத்த படமும் (இறங்குபாதை) ஒன்றல்ல. பார்க்கும் கோணமே வேறு. கலக்காதீர்கள்.