ஹிம் கமிங்கா, ஹிஸ் கமிங்கா?

'அவன் லேட்டாக வருவது எனக்குப் பிடிக்கவில்லை.' இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் 'ஐ டோன்ட் லைக் ஹி கமிங் லேட்' என்போம். தமிழில் 'அவன்' எழுவாயாகவே நிற்பதால் வரும் தவறு இது. ஆங்கிலத்தில் அங்கே ஹி நிற்காது. ஹிம் வரலாம், ஹிஸ் வரலாம். எதை எப்போது போடுவது?

முதல் வேலை, அந்த 'இங்' சொல் ஜெரண்டா என்று பார்ப்பது. ஜெரண்ட் என்பது நம் தொழிற்பெயர் மாதிரி: வருவது, பாடுவது, புகைப்பது. ஆனால் 'இங்' வால் உள்ளதெல்லாம் ஜெரண்ட் இல்லை. சோதிக்க எளிய வழி உண்டு. வாக்கியத்தை ஹிம்மோடு எழுதி, அதற்குப் பின்னால் வருவதை விரலால் மூடுங்கள்.

'ஐ சா ஹிம் கிராஸிங் தி ரோடு.' மூடினால் 'ஐ சா ஹிம்'. அவனைப் பார்த்தேன் என்பது உண்மைதானே? அப்படியானால் கிராஸிங் ஜெரண்ட் இல்லை, பார்ட்டிசிபிள், அதாவது நம் எச்சம் மாதிரி. ஹிம் மட்டுமே சரி, ஹிஸ் கூடாது. ஹியர், வாட்ச், கேட்ச் போன்ற வினைகளும் பெரும்பாலும் இப்படித்தான்.

'ஐ டோன்ட் லைக் ஹிம் கமிங் லேட்.' மூடினால் 'ஐ டோன்ட் லைக் ஹிம்'. அடடா, ஆளையே பிடிக்கவில்லை என்றாகிவிட்டது! நமக்குப் பிடிக்காதது லேட்டாக வருவதுதான். ஆக, இது ஜெரண்ட். ('ஹி கெப்ட் மீ வெயிட்டிங்' மட்டும் இந்தச் சோதனைக்கு அடங்காது. அங்கே எப்போதும் மீதான், மனப்பாடம் செய்துவிடுங்கள்.)

ஜெரண்ட் என்று தெரிந்துவிட்டதா? அடுத்து, எங்கே எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். பேச்சிலும் வாட்ஸ்அப்பிலும் ஹிம் போதும். அலுவலக மெயில் என்றால் 'ஐ அப்ரிஷியேட் யுவர் ரிப்ளையிங் ஸோ குவிக்லி' என்று யுவர் போடுவது கௌரவம். ஜெரண்ட் வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தாலும் அப்படியே: 'ஹிஸ் கமிங் லேட் அனாய்ட் எவ்ரிபடி.' போட்டித் தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொன்னால் யோசிக்காமல் ஹிஸ் பக்கம் போங்கள்.

ஹிம் தப்பு என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. இங்கிலாந்தின் மொழிநடை அறிஞர் ஃபௌலர் 1906இலேயே ஹிம்முக்கு எதிராக எழுதினார். டென்மார்க் இலக்கண அறிஞர் யெஸ்பர்சன், நல்ல எழுத்தாளர்களே இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டி 1926இல் அவரை மறுத்தார். என் ஓட்டு யெஸ்பர்சனுக்குத்தான்.

சில இடங்களில் பொருளும் கொஞ்சம் நகரும். 'ஐ லைக் ஹிஸ் சிங்கிங்' என்றால் அவனுடைய பாட்டு, அவன் பாடும் விதம் பிடிக்கும். 'ஐ டோன்ட் லைக் ஹிம் சிங்கிங் அட் மிட்நைட்' என்றால் குரலில் குறை இல்லை, நடுராத்திரியில் பாடுவதுதான் தொல்லை.

அப்புறம், ஹிஸ் மாதிரியான வடிவம் எடுக்காத சொற்களும் இருக்கின்றன. 'தேர் இஸ் நோ சான்ஸ் ஆஃப் தட் ஹேப்பனிங்' என்பதில் தட் அப்படியே நிற்கும். ஹெர் வந்தால் கவலையே இல்லை, இரண்டுக்கும் ஒரே வடிவம்.

இவ்வளவுக்குப் பிறகும் குழம்பினால் வாக்கியத்தையே மாற்றிவிடுங்கள்: 'ஐ டோன்ட் லைக் இட் வென் ஹி கம்ஸ் லேட்.' நமக்குப் பழகிய ஹி இங்கே தாராளமாக வரலாம்.