டென்யூர் விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் அசிஸ்டென்ட் புரொபசராகச் சேரும் நம் பிள்ளைகள் வருஷாவருஷம் போன் போட்டுப் புலம்புகிறார்கள். டென்யூர், அதாவது பேராசிரியர் வேலை நிரந்தரமாவது, அந்த விஷயத்தில் எங்கள் செட் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். பேப்பர் போடு, கிராண்ட் வாங்கு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

துறை ஓட்டுப் போட்டதும் ஸ்வீட் வாங்குவது

கடைசிச் சொல் அறங்காவலர் குழுவுக்குத்தான். 2021-ல் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில், பேராசிரியர்கள் ஆதரித்தும் பத்திரிகையாளர் நிக்கோல் ஹன்னா-ஜோன்ஸின் டென்யூர் ஃபைலை அறங்காவலர் குழு ஓட்டுக்கே எடுக்கவில்லை. பெரிய எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 9-க்கு 4 என்று நிறைவேறியது. அவர் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

ஆஃபரை நம்பி ராஜினாமா கொடுப்பது

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டென்யூர் ஆஃபரை ஏற்று, ஸ்டீவன் சலைட்டா வர்ஜீனியா டெக் வேலையை விட்டார். காசா பற்றிய அவரது ட்வீட்கள் சர்ச்சையாக, 2014 ஆகஸ்டில் கைவிரித்துவிட்டார்கள். அறங்காவலர் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்ற ஒரு வரி கடிதத்திலேயே இருந்தது. 2015-ல் வக்கீல் செலவு உட்பட 8,75,000 டாலருக்குச் சமரசம். வேலை மட்டும் கிடைக்கவில்லை.

மறுத்த பிறகு வரும் அந்த ஒரு வருஷம்

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. டென்யூர் மறுத்தால் மறுநாளே வெளியே தள்ள மாட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் சம்பளத்தோடு வேலை உண்டு. ஆளைக் கவிழ்ப்பதே அதுதான். இனம், பாலினம், பிறந்த நாடு பார்த்து மறுத்தார்கள் என்று மத்திய சமவேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்க 180 நாள் கெடு; பல மாநிலங்களில் 300 நாள். இந்தக் கணக்கு வேலை முடியும் நாளில் தொடங்குவதில்லை. மறுத்துவிட்டோம் என்று உங்களிடம் சொன்ன நாளிலேயே ஓட ஆரம்பித்துவிடும்.

டெலவேர் ஸ்டேட் காலேஜில் வேலை பார்த்த லைபீரியாக்காரர் கொலம்பஸ் ரிக்ஸுக்கு 1974-ல் டென்யூர் மறுத்தார்கள். அவர் கல்லூரிக்குள்ளேயே முறையிட்டார், கடைசி வருஷ ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார். புகார் கொடுத்தது 1975 ஏப்ரலில். காலம் கடந்துவிட்டது என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது. உள்ளே முறையீடு நடக்கிறது என்பதற்காக நாள்கணக்கு நிற்காது என்பதும் அதே தீர்ப்புதான்.

இத்தனைக்கும் பிறகு மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஏப்ரல் மாதம் கூப்பிடுகிறார். மறுப்புக் கடிதத்தின் தேதி முந்தின வருஷம் மே 12.

"இத்தனை நாள் என்ன தம்பி பண்ணீங்க?"

"அப்பீல் போட்டிருந்தேன் சார். பொறுமையா இருங்க, கமிட்டி பார்க்கட்டும்னு டீன் சொன்னார்."

கமிட்டி பார்த்தது. செப்டம்பரில் ஒரு கூட்டம், டிசம்பரில் ஒரு கூட்டம். மார்ச் 20-ம் தேதி, முடிவில் மாற்றமில்லை என்று நாலு வரி. 300 நாள் மார்ச் 8-ம் தேதியே முடிந்திருந்தது. டீன் வேண்டுமென்றே சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொன்னவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

வேலை போனால் எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அந்தப் பயத்தில் வேறு வேலை தேடுவதிலேயே வருஷம் ஓடிவிடுகிறது, புரிகிறது. ஆனால் அப்பீல் எழுதும் அதே வாரம் வெளி வக்கீல் ஒருவரைப் பாருங்கள். பல்கலைக்கழக வக்கீல் பல்கலைக்கழகத்துக்குத்தான் வக்கீல்.

வெளி மதிப்பீட்டுக் கடிதங்கள் எப்போதும் ரகசியம் என்று நினைப்பது

உங்கள் வேலையைப் பற்றி வெளிப் பேராசிரியர்கள் எழுதித் தரும் கடிதங்கள் இவை. பாரபட்சப் புகாரின் விசாரணையில் அவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு கிடையாது. பென்சில்வேனியா பல்கலைக்கழக வழக்கு, 1990.

குழந்தை பிறந்தும் டென்யூர் கடிகாரத்தை (டென்யூர் முடிவுக்கான வருஷக்கணக்கை) நிறுத்தாமல் இருப்பது

கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

கிடைத்துவிட்டால் யாரும் அசைக்க முடியாது என்பது

விஸ்கான்சின் 2015-ல் டென்யூரை மாநிலச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டது. இப்போது அது நிர்வாகக் குழுவின் விதி மட்டும். ஃபுளோரிடாவில் 2022-ல் வந்த சட்டத்தால், டென்யூர் வாங்கியவர்களுக்கும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுஆய்வு. ஆஃபர் வந்தால் சம்பளத்தைப் பார்க்கும் முன் அந்த மாநிலத்தின் விதியைப் பாருங்கள்.