முகநரம்புக் கட்டி: ஸ்கேனில் எங்கே நழுவுகிறது?

நெற்றியும் சேர்ந்து முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்தால் பெரும்பாலும் அது பெல்ஸ் பால்சிதான்; அதாவது, காரணம் தெரியாமல் திடீரென வரும் முகநரம்பு வாதம். மூன்று நாளுக்குள் முற்றி, பிறகு சில வாரங்களில் தேறத் தொடங்கும். இந்தப் போக்கில் வராத முகவாதத்துக்கும் அதே பெயரைச் சூட்டி ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருப்பது முதல் தவறு. வாரக்கணக்கில் மெல்லக் கூடும் பலவீனம், கூடவே முகத்துடிப்பு, அதே பக்கம் மீண்டும் வருவது, மூன்று மாதமாகியும் துளி அசைவும் திரும்பாதது: இவற்றில் ஒன்று இருந்தாலே ஸ்கேன் தேவை. காதுக்குக் கீழே பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

'எம்.ஆர்.ஐ. மூளை' என்று மட்டும் எழுதி அனுப்புவது அதைவிடப் பெரிய தவறு. முகநரம்பின் லாபிரிந்தைன் பகுதி (உள்செவிக் குழாயைத் தாண்டியதும் எலும்புக்குள் வரும் துண்டு) 3 முதல் 5 மி.மீ. நீளமே உள்ளது. வழக்கமான மூளை ஸ்கேனில் ஒரு வெட்டின் தடிமனே ஏறக்குறைய 5 மி.மீ.; அந்தப் பகுதி முழுவதும் அதற்குள் மறைந்துவிடும். மூளைத்தண்டிலிருந்து பரோட்டிட் வரை நரம்பின் முழுப் பாதையையும் கேட்டு எழுதுங்கள். 1 மி.மீ.க்கும் மெல்லிய டி2 (நீர் வெள்ளையாகத் தெரியும் வகை) வெட்டுகள் வேண்டும். காடோலினியம் என்ற ஒளிர்வு மருந்தைச் செலுத்துமுன் ஒரு டி1 (கொழுப்பு வெள்ளையாகத் தெரியும் வகை), செலுத்தியபின் கொழுப்பை அடக்கிய டி1 வேண்டும். முதல் டி1-ஐத் தவிர்க்காதீர்கள். நரம்பு மண்டையோட்டை விட்டு வெளியேறும் ஸ்டைலோமாஸ்டாய்டு துளையில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய கொழுப்பு மறைந்திருந்தால், பரோட்டிட் புற்றுநோய் நரம்பு வழியே ஏறுகிறதா என்று தேட வேண்டும்.

மறுபக்கத் தவறும் உண்டு: மருந்தால் வரும் இயல்பான ஒளிர்வையே கட்டி என்று எழுதிவிடுவது. நரம்பு வளையும் இடத்திலுள்ள ஜெனிகுலேட் முடிச்சிலும், அதற்குப் பிந்தைய டிம்பானிக் (நடுச்செவி), மாஸ்டாய்டு (காதுக்குப் பின் எலும்பு) பகுதிகளிலும் நரம்பைச் சுற்றி இரத்தநாளப் பின்னல் இருப்பதால், நலமாக உள்ளவருக்கும் அங்கே லேசான ஒளிர்வு தெரியும். உள்செவிக் குழாயிலும் லாபிரிந்தைன் பகுதியிலும் ஒளிர்ந்தால் அது இயல்பல்ல. ஆனாலும் தடிக்காமல் கோடாக ஒளிர்வது பெல்ஸ் பால்சியிலும் வரும். முடிச்சாகத் தடித்திருந்தால்தான் கட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்போது காதைச் சூழ்ந்த டெம்போரல் எலும்பின் மெல்லிய வெட்டு சி.டி.யும் எடுங்கள். நரம்பின் எலும்புக்குழாய் வழவழப்பாக விரிந்திருந்தால் ஷ்வானோமாவை (நரம்பு உறையில் வளரும் கட்டி) நினைக்கலாம். ஜெனிகுலேட் அருகே எலும்பு தேன்கூடு போல அரித்திருந்தால் ஹெமாஞ்சியோமாவை (இரத்தநாளக் கட்டி) நினைக்கலாம். பின்னது சில மி.மீ. அளவிலேயே முகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பதால், 'சின்னதுதானே' என்று ஒதுக்கக் கூடாது.

உள்செவிக் குழாய்க் கட்டி எல்லாவற்றையும் செவிநரம்புக் கட்டி என்று எழுதிவிடாமல், லாபிரிந்தைன் பகுதிக்குள் வால் நீள்கிறதா என்று பாருங்கள். நீண்டால் அது முகநரம்புக் கட்டியாக இருக்கலாம். அறுவை மேசையில் தெரியவருவது காலம் கடந்த செய்தி. செவிப்பறைக்குப் பின்னால் கட்டி தெரிந்தால், ஸ்கேன் பார்க்காமல் பயாப்ஸிக்குத் துண்டு வெட்டக் கூடாது. அது ஷ்வானோமாவானால் நரம்பு இழைகளும் சேர்ந்தே அறுபட்டு, அதுவரை அசைந்த முகமும் நின்றுபோகலாம்.